மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் வாழ்நாள் மருந்து

சப்பிரகமுவ மாகாணத்தின் இறப்பர்த் தோட்டங்களில், நல்ல பால் தரும் மரத்தின் மொட்டை வேறொரு நாற்றின் தண்டில் ஒட்டிக் கன்று வளர்ப்பது நெடுங்காலப் பழக்கம். குருதியோடு சுற்றித் திரிந்து அயல் இழையத்தைத் தேடிப்பிடிக்கும் கலங்கள் தாவரங்களில் இல்லாமையால், வெட்டும் கட்டும் சரியாக அமைந்துவிட்டால் அந்த ஒட்டு பிடித்துக்கொள்கிறது. மனித உடலிடம் இந்த இணக்கம் இல்லை. செயலிழந்த சிறுநீரகத்துக்குப் பதிலாக இன்னொருவரின் சிறுநீரகத்தை எவ்வளவு திறமையாகப் பொருத்தினாலும், அதனை அந்நியமானதாகக் கண்டு அழிக்க உடல் முற்படும். அந்த முயற்சியை அடக்கிவைக்கும் மருந்தை, புதிய உறுப்பு இயங்கும் காலம் முழுவதும் நோயாளி உட்கொள்ள வேண்டும். றக்வான போன்ற ஒரு தோட்டப்பகுதியில் வாழ்பவருக்கு, கொழும்பிலோ கண்டியிலோ சில மணி நேரத்தில் முடிந்துவிடும் அறுவைச் சிகிச்சையைவிட, அதன்பின் லயன் அறையில் தொடங்கும் இந்த மருந்துக் காலமே கடினமானது.

கிருமிகளிலிருந்து உடலைக் காக்கும் ஏற்பாடான நிர்ப்பீடனத் தொகுதி, கலங்களின் மேற்பரப்பில் உள்ள இழைய அடையாளப் புரதங்களைக் கொண்டே தன்னுடையது எது, அயலானது எது எனப் பிரித்தறிகிறது. இப்புரதங்களுக்கான மரபணுக்கள் தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியும் வருவதால், உடன்பிறந்த இருவரிடையேகூட அவை முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். 1954 டிசம்பரில் பொஸ்டன் நகரில் ஜோசப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒத்த இரட்டையர்களுக்கிடையே நடந்ததால் மருந்தின்றியே நிலைத்தது. ஏனையோருக்கு வழி திறந்தது 1960களில்தான். கேட்ரூட் எலியனும் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸும் உருவாக்கிய அசதையோப்பிரின் என்னும் மருந்தும், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட் மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. அப்போதும், இறந்தவரிடமிருந்து பெற்றுப் பொருத்திய சிறுநீரகங்களில் ஏறத்தாழப் பாதி ஓராண்டுக்குள் பயனற்றுப்போயின.

அடுத்த பெரும் முன்னேற்றம் மண்ணிலிருந்து வந்தது. நோர்வேயின் ஹார்டங்கர்விடா மேட்டுநிலத்தில் எடுக்கப்பட்ட மண்ணில் வளர்ந்த ஒரு பங்கசிலிருந்து, சுவிற்சர்லாந்தின் சான்டோஸ் நிறுவனத்தார் சைக்குளோஸ்போரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர்; அது நிர்ப்பீடனத்தை அடக்கவல்லது என்பது 1972இல் தெரியவந்தது; 1978இல் கேம்பிரிட்ஜில் றோய் கால்ன் அதனை நோயாளிகளுக்குக் கொடுத்தார். இன்று அதனைவிட அதிகமாகப் பயன்படும் டக்ரோலிமஸ், 1984இல் ஜப்பானின் ட்சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு பக்றீரியாவில் கண்டறியப்பட்டது. மூன்றாவதான சிரோலிமஸ், பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட மண்ணிலிருந்து கிடைத்தது. பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்த வேதியியலாளர் சுரேந்திர நாத் செகல் அதனை ஆராய்ந்தார்; அவர் பணியாற்றிய நிறுவனம் அந்த ஆய்வைக் கைவிட்ட காலத்தில், மருந்தைத் தரும் நுண்ணுயிரைத் தம் வீட்டு உறைபெட்டியில் பாதுகாத்து வைத்திருந்தவரும் அவரே. அவருடைய அந்தப் பிடிவாதம் இல்லாதிருந்தால் இம்மருந்து நோயாளிகளை அடைந்திருக்குமா என்பது ஐயமே.

இம்மருந்துகள் நிர்ப்பீடனத்தை முற்றாக அணைத்துவிடுவதில்லை. அயல் இழையத்தைக் கண்ட ‘ரி’ கலம் எனப்படும் வெண்குருதிக் கலம், தன்னைப் போன்ற கலங்களைப் பெருக்குமாறு ஒரு புரதச் செய்தியை வெளிவிட வேண்டும். அச்செய்தியை உருவாக்குவதற்குக் கல்சினியூரின் என்னும் நொதியம் தேவை. சைக்குளோஸ்போரினும் டக்ரோலிமஸும் அந்த நொதியத்தைத் தடுக்கின்றன. ஆகவே கலம் அயலானைக் கண்டாலும் படை திரள்வதில்லை. இவ்விரண்டில் ஒன்றோடு, வெண்குருதிக் கலங்கள் பிரிந்து பெருகுவதைத் தடுக்கும் மைக்கோபினோலேட்டும் சிறிதளவு பிரெட்னிசொலோனும் சேர்ந்த மும்மருந்து முறையே பெரும்பாலான நோயாளிகளுக்கு வழங்கப்படுகிறது.

ஆனால் இம்மருந்துகளின் அளவு குறைந்தால் உறுப்பு போகும். கூடினால் தொற்றும் சர்க்கரை நோயும் உயர் குருதியமுக்கமும் கைநடுக்கமும் வரும். சிறுநீரகத்தைக் காக்கக் கொடுக்கும் சைக்குளோஸ்போரின் மிகுந்துவிட்டால் அந்தச் சிறுநீரகத்தையே சேதப்படுத்தும் என்பதைக் கால்னின் முதல் நோயாளிகளே உணர்த்தினர். 15 நாடுகளில் 1,645 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வில், குறைந்த அளவு டக்ரோலிமஸ் பெற்றவர்களில் 12.3 வீதத்தினருக்கும், வழக்கமான அளவில் சைக்குளோஸ்போரின் பெற்றவர்களில் 25.8 வீதத்தினருக்கும் உறுப்பு நிராகரிப்பு ஏற்பட்டது. சரியான அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், காலைக் குளிசையை விழுங்குவதற்கு முன் குருதி எடுத்து அதில் மருந்தின் செறிவை அளந்தே வைத்தியர் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். நிராகரிப்பு பெரும்பாலும் வலியின்றியே தொடங்குகிறது. குருதியில் கிரியற்றினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு உயர்வதே முதல் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால், உடல் நலமாக இருக்கிறது என்று எண்ணிக் குருதிப் பரிசோதனையைத் தவறவிடுபவர் ஆபத்தை அறியாமலே கடந்துசெல்கிறார்.

இலங்கையில் சிறுநீரக மாற்று 1985இல் தொடங்கியது. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம் அதற்குச் சட்ட அடிப்படை தந்தது. கொழும்பு மாளிகாவத்தையில் இதற்கென ஒரு தேசிய நிறுவகம் இயங்குகிறது. கண்டி வைத்தியசாலையில் 2017இல் நாட்டின் முதல் இதய மாற்றும் நடந்தது. அரச வைத்தியசாலையில் அறுவைக்கும் மருந்துக்கும் நோயாளியிடம் பணம் கேட்கப்படுவதில்லை என்பது சிறிய நாடொன்றுக்குப் பெரிய சாதனை. ஆயினும் றக்வானயிலிருந்து மாதம்பைச் சந்தி, பெல்மதுளை, இரத்தினபுரி வழியாகக் கொழும்புக் கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் முழுவதும் செல்லும். நாட்சம்பளத்தை நம்பிய குடும்பத்தில் நோயாளியும் துணைக்குச் செல்பவரும் அன்றைய கூலியை இழப்பர். இலவச மருந்தின் மறைமுக விலை இதுவே.

தோட்ட வாழ்க்கையின் ஒழுங்கோடு இம்மருந்தைப் பொருத்திக்கொள்வதிலும் கவனம் வேண்டும். பொதுவாக டக்ரோலிமஸ் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுவதால், காலைப் பெரட்டுக்குப் புறப்படுமுன் ஒரு நேரத்தையும் அதற்கு நேரான மாலை நேரத்தையும் நிலையாக வைத்துக்கொள்வது எளிது. பம்பளிமாஸ் பழத்தில் உள்ள சில பொருட்கள் குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியத்தைத் தடுத்து, குருதியில் மருந்தின் அளவை உயர்த்திவிடக்கூடும். மருந்துக்கடையில் வாங்கும் எரித்ரோமைசினும் அதனை உயர்த்தும். காசநோய்க்கான றிபாம்பிசின் மிகவும் தாழ்த்திவிடும். மூட்டுவலிக்காக வாங்கும் டைக்ளோபினாக் நேரடியாகச் சிறுநீரகத்தைத் தாக்கும். ஆகவே எந்தப் புதிய குளிசையும் கைமருந்தும் கிளினிக்கின் அனுமதியின்றி வாய்க்குள் போகக்கூடாது. மைக்கோபினோலேட் கருவில் வளரும் குழந்தைக்குக் கேடு செய்யும் என்பதால், பிள்ளை பெற விரும்பும் பெண் முன்கூட்டியே வைத்தியரிடம் கூறி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இதனைக் கேட்கக் கூச்சப்படும் பெண்களிடம் தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தர் தாமாகவே எடுத்துச் சொல்ல வேண்டும்.

எந்த மண் இம்மருந்துகளைத் தந்ததோ அதே மண்ணில் நோயாளிக்கு ஆபத்தும் இருக்கிறது. எலிக்காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் ஒன்று. வயற்சேற்றிலும் மாணிக்கக் குழி நீரிலும் வெறுங்காலோடு நிற்பவரை அது பற்றுகிறது. மண்ணிலும் நீரிலும் வாழும் பக்றீரியாவால் வரும் மெலியோய்டோசிஸும் இலங்கையில் உள்ளது. ஸ்டீரொயிட் மருந்து காய்ச்சலின் கடுமையை மறைத்துவிடக்கூடும் என்பதால், மாற்றுச் சிகிச்சை பெற்றவருக்கு வரும் இலேசான காய்ச்சலையும் அன்றே வைத்தியசாலையில் காட்ட வேண்டும். காட்டும்போது தாம் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களைக் கிளினிக் கொப்பியோடு முன்வைக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணி இன்றி இறக்குமதி தடைப்பட்டபோது, அரச வைத்தியசாலைகளில் பல மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. வேறு பல மருந்துகளைச் சில நாள் பிந்தி எடுத்தாலும் சமாளிக்கலாம். நிர்ப்பீடன அடக்கி மருந்தில் அந்தச் சலுகை இல்லை; ஒரு நிறுவனத்தின் தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் குருதிச் செறிவை மீண்டும் அளக்க வேண்டும். எனவே இம்மருந்துகளுக்கெனத் தனிக் கையிருப்பு பேணப்படுவதும், இரத்தினபுரியில் குருதி மாதிரியைப் பெற்றுக் கொழும்புக்கு அனுப்பும் ஏற்பாடு செய்யப்படுவதும், சில மாத மருந்தை நோயாளியின் ஊருக்கு அருகிலுள்ள அரச வைத்தியசாலை வழியாக வழங்குவதும் சுகாதார அமைச்சு முன்னுரிமை கொடுத்துச் செய்யவேண்டிய காரியங்கள். ஓர் உறவினர் தம் உடலிலிருந்து கொடுத்த சிறுநீரகம் பேருந்துக் கட்டணம் இல்லாத ஒரு மாதத்தில் இழக்கப்படுவதை அவற்றால் தடுக்க முடியும்.