எட்டுப் பேர்ச்சில் மூன்று மகள்கள்

கல்முனைக் கரையோரத்தில் யாராவது அத்திவாரம் வெட்டினால், பார்த்துக்கொண்டு போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மகளுக்கு?" என்பதுதான். தமிழரானாலும் முஸ்லிமானாலும் இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிய மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவின் பின்பக்கம் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். இளையவளுக்குக் காலம் வர அதுவும் சீதன உறுதியில் ஏறிவிடும். இப்படி அக்கா வீடு, தங்கை வீடு, பெரியம்மா மகளின் வீடு என்று சுவரோடு சுவர் ஒட்டி எழுந்ததைத்தான் கொழும்புக் கம்பனிகள் இப்போது 'டவுன் ஹவுஸ்' என்று பளபளப்புத் தாளில் அச்சடிக்கின்றன. நமக்கு அது பழைய சங்கதி.

பழையதாக இருந்தாலும் நிலம் பழையபடி இல்லை. பாண்டிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே கல்முனை நகரம், வடக்கே மருதமுனை, கிழக்கே கடல், மேற்கே வயல். நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொது விதிப்படி தனிக்காணியாகப் பிரிப்பதற்கு 150 சதுர மீற்றராவது வேண்டும்; ஏறக்குறைய ஆறு பேர்ச். எட்டுப் பேர்ச் வளவும் மூன்று மகள்களும் உள்ள தகப்பன் என்ன செய்வார்? மேற்கே போகலாம் என்றால் நெற்காணி. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் அதை நிரப்ப முடியாது. நிரப்பவும் கூடாது என்பது என் கட்சி. மாரியில் ஊர்த் தண்ணீர் போய் நிற்பது அங்கேதான். கிழக்கே போனால் கரையோரம் பேணல் சட்டம் நிற்கிறது. உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம்; அதற்குள் கட்டுவதற்கு மாநகர சபையின் ஒப்புதலுக்கு மேலாகக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் பெமிற்றும் தேவை. மிச்சம் ஒரே வழி: ஒட்டிக் கட்டு, உயர்த்திக் கட்டு.

ஆகவே தொடர்வீடுகள் வரத்தான் போகின்றன. அவற்றுக்கு என்ன நிபந்தனை போடுவது என்பதுதான் கேள்வி. விளம்பரத் தாள்களில் 'பாதுகாப்பு' என்ற தலைப்பின் கீழ் ஆறடி மதில், இரும்புக் கேற், கமரா, வாயிலில் ஒரு காவலாளி. இவ்வளவுதான். இந்தக் கரைக்கு இந்த வரிசை தலைகீழ் என்று நினைக்கிறேன்.

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் பாரதக் கதையோடு தீமிதிப்பு நடக்கிறது. இந்த ஊராருக்கு அரக்கு மாளிகையை விளக்கத் தேவையில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அதைவிட அழகான, காவலான வீடு இல்லை. பாண்டவர்கள் பிழைத்தது காவலால் அல்ல. யாருக்கும் தெரியாமல் தோண்டி வைத்த சுரங்க வழியால்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா தினம். காலை ஒன்பது மணியளவில் சுனாமி அலை வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேல், நாட்டிலேயே அதிகம். மேற்கே ஓடி, பெரிய தெருவைத் தாண்டியவர்கள் பலர் பிழைத்தார்கள். இங்கே கடலிலிருந்து பெரிய தெருவுக்கு வரும் குறுக்கு வீதிகள்தான் உயிர் வீதிகள். இந்த நிலையில் ஐம்பது வீடுகளைச் சுற்றி மதில் எழுப்பி, ஒரே ஒரு கேற்றை, அதுவும் காற்று வாங்கலாம் என்று கடல் பக்கம் வைத்தால் அதற்கு என்ன பெயர்? மேற்குப் பக்கமாக ஒரு வழி, உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்கக்கூடிய கதவு, மோட்டார் சைக்கிள்கள் அடைத்து நிற்காத ஒழுங்கை. முதல் நிபந்தனை இதுவாக இருக்கட்டும். கம்பியும் தூணும் இல்லாமல் நீட்டிக் கட்டிய கல் மதில் நீரின் தள்ளுதலுக்கு நிற்காது. ஓடுகிறவர் மேலேயே விழும். யன்னலுக்கு அடிக்கும் கிறிலில் ஒன்றாவது உள்ளேயிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மொட்டை மாடிக்கு வெளிப்படி வைத்தால் கள்ளன் ஏறுவான் என்பார்கள். ஏறட்டும். நீர் வரும்போது கிழவியும் ஏறலாமே.

சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். எதிர்ப்பு வந்தது. எல்லை குறைந்தது. மருதமுனையில் ஒரு வீட்டுத் திட்டத்துக்கு இன்றும் '65 மீற்றர்' என்றே பெயர். ஒரு கட்டட விதி ஊர்ப் பெயராகிவிட்ட இடம் வேறெங்காவது இருக்கிறதோ தெரியாது.

சுனாமியை எல்லோரும் நினைக்கிறோம். அதற்கு முந்திய ஒன்றை மறந்துவிட்டோம். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்புக் கரையைக் கடந்த சூறாவளியை அறுபது வயதுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கூரை பறந்த கதையைத்தான் முதலில் சொல்வார். அந்த அழிவுக்குப் பிறகு, 1980இல், காற்றுக்குத் தாங்கும் கட்டடங்களுக்கான கைந்நூல் ஒன்றை அரசாங்கம் வெளியிட்டது. நாட்டை மூன்று காற்று வலயங்களாக அது பிரித்தது. கிழக்குக் கரை முதலாம் வலயம்: சாதாரண வீட்டுக்கே வினாடிக்கு 49 மீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 176 கிலோமீற்றர் வேகத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். கொழும்பு மூன்றாம் வலயம், 33 மீற்றர். வித்தியாசம் ஒன்றரை மடங்குதானே என்று நினைக்கக்கூடாது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஆகவே கொழும்புக் கூரையைவிட நம் கூரை இரண்டு மடங்குக்கும் மேலான இழுவையைத் தாங்க வேண்டும். கொழும்பில் வரைந்த படத்தைக் கொண்டுவந்து பாண்டிருப்பு மணலில் அப்படியே ஊன்றுகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் கூரை எந்த வலயத்துக்கு?

காற்று கூரையை அமுக்குவதைவிடத் தூக்குவதுதான் அதிகம். அதனால் விடயம் பிணைப்பில்தான் இருக்கிறது. சுவரின் தலையைச் சுற்றி ஒரு கொங்கிறீற் வளையம். அதிலிருந்து கம்பியோ போல்ற்றோ வெளிவந்து சுவர் வளையைப் பிடிக்க வேண்டும்; வளை கைமரத்தைப் பிடிக்க வேண்டும்; கைமரம் சிலாகையை, சிலாகை ஓட்டையோ சீற்றையோ. ஒரு கண்ணி விட்டால் மற்றவை எல்லாம் வீண். மேசன் தன் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு ஓடாவி வருகிறார். இருவருக்கும் நடுவில் அந்தப் போல்ற் யாருடைய பொறுப்பு என்று தெரியாமல் விடுபட்டுப் போகிறது. ஆணி மட்டும் அடித்து வைத்த கூரை அமைதியான நாளில் நன்றாகத்தான் தெரியும்.

ஒட்டிய வீடுகளில் நடுச்சுவர் ஒரு தனிக் கதை. செலவை மிச்சம் பிடிக்க அதைச் சீலிங் மட்டத்தோடு நிறுத்திவிடுவார்கள். மேலே கூரை வெளி முழுவதும் ஒரே பாதை. ஒரு வீட்டுக்குள் இறங்கிய கள்ளன் சீலிங்குக்கு மேலாகத் தவழ்ந்து ஆறு வீடுகளையும் பார்க்கலாம். தீயும் அதே வழியில் போகும். 2021 கடைசியில் காஸ் சிலிண்டர்கள் வெடித்த செய்திகளை வாசித்துவிட்டு அடுப்படிக்குப் போகப் பயந்த நாட்கள் நினைவிருக்கிறதா? ஒன்பது அங்குலச் சுவர், கூரையின் அடிவரை, இடைவெளியில்லாமல். ஆயிரம் கமராக்களைவிட இது பெறுமதி.

உப்புக் காற்றில் தூணுக்குள் கம்பி துரு ஏறிப் பருக்கும், கொங்கிறீற் வெடிக்கும். கடல் மண்ணைக் கலந்தால் இன்னும் சீக்கிரம். மலக்குழி, கிணறு பற்றி நீட்ட வேண்டியதில்லை: மணல் தரை எல்லாவற்றையும் வடிய விடும், ஆறு பேர்ச்சுக்கொரு குழியும் கிணறும் ஒன்றாக இருக்க முடியாது. தொடர்வீடென்றால் பொதுச் சுத்திகரிப்பு வேண்டும். அதை யார் பராமரிப்பது என்பதும் வேண்டும். கல்முனையில் சுனாமிக்குப் பின் எழுந்த தொடர்மாடிகளில் குடியிருப்போருக்கு இது நன்றாகத் தெரியும். வீடு என் பெயரில், குழி யார் பெயரில்? 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி வீட்டு உடைமைச் சட்டமும் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையும் இருப்பது இந்தக் கேள்விக்காகத்தான். எட்டுப் பேர்ச்சைப் பிரிக்க முடியாத தகப்பனுக்கும் கூட்டாதனப் பதிவு ஒரு வழியைக் காட்டக்கூடும். சீதன உறுதி எழுதும் நொத்தாரிசிடம் இதையும் கேளுங்கள்.

கேற், கமரா, காவலாளி விடயத்துக்குக் கடைசியாக வருகிறேன். 2019 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை இரவு. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து ஐந்து நாட்கள். சாய்ந்தமருது வொலிவேரியன் கிராமம் வெனிசுவேலா நாட்டு உதவியில் எழுந்த சுனாமி வீட்டுத் திட்டம். அங்கே ஒரு வாடகை வீட்டில் தாக்குதல்தாரிகளின் குடும்பம் ஒளிந்திருந்தது. சுற்றிவளைப்பின்போது அவர்கள் குண்டை வெடிக்க வைத்தார்கள். பதினைந்து உடல்கள், அவற்றில் ஆறு சிறுவர்களுடையவை. அந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தது எந்தக் கருவியும் அல்ல. புதிதாக வந்தவர்கள் யார் என்று கேட்ட அயலவர்கள், அந்த ஊர் முஸ்லிம் மக்கள்தான் பொலிஸுக்குச் சொன்னார்கள்.

மூன்று சகோதரிகள் ஒட்டி வாழும் வளவில் அந்நியன் பத்து நிமிடம் நின்றால் நான்கு பேர் "யார் மகன் நீ?" என்று கேட்டுவிடுவார்கள். கம்பனி கட்டும் ஐம்பது வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் வேண்டும். அதற்கு முற்றம் வேண்டும், தெருவைப் பார்த்த திண்ணை வேண்டும், வாடகைக்கு விடுவோர் வருபவரின் விபரத்தைக் கிராம சேவகரிடம் கொடுக்கும் பழக்கம் வேண்டும். எல்லாக் கதவுகளும் மதிலைப் பார்த்திருக்கும் திட்டத்தில் காவலாளிக்கு மட்டும்தான் எல்லோரையும் தெரியும். அவரும் மாதத்துக்கு ஒருவர் மாறுவார்.

முற்பணம் கட்டியிருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். சீலிங் அடிப்பதற்கு முதல் நாள் போய், ஏணி கேட்டு வாங்கி மேலே ஏறி, சுவர் வளையில் போல்ற் இருக்கிறதா, நடுச்சுவர் ஓடு வரை போகிறதா என்று பாருங்கள். மறுநாள் போனால் ஒன்றும் தெரியாது.