கைப்பேசிக்கும் மருத்துவருக்கும் நடுவே

இணையவழி மருத்துவம் என்றதும் நோயாளி தாமே கைப்பேசியில் மருத்துவரை அழைத்துப் பேசும் காட்சிதான் பலருக்கும் தோன்றும் என்றாலும், கிராமங்களில் அந்த உரையாடல் நிகழ்வதற்குப் பெரும்பாலும் இன்னொருவரின் கை தேவைப்படுகிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்திய ஊரகப் பெண்களில் 24.6 விழுக்காட்டினரும் ஆண்களில் 48.7 விழுக்காட்டினரும் மட்டுமே எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்தியிருந்தனர். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் மிகுதியாக வாட்டும் முதியோர் இந்தக் கணக்கில் சேரவேயில்லை.

நடுவண் அரசு 2019 நவம்பரில் தொடங்கிய இ-சஞ்சீவனி என்னும் தொலைமருத்துவச் சேவையில் இரண்டு வழிகள் உள்ளன. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது வந்த வழியில் நோயாளி வீட்டிலிருந்தே பதிவு செய்து மருத்துவரைக் காணலாம். மற்றொன்றில் அவர் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குச் செல்ல, அங்குள்ள பணியாளர் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பார்த்து, தொலைவிலுள்ள மருத்துவரைத் திரையில் அழைத்து, நோயாளி சொல்லத் தயங்குவதையும் எடுத்துச் சொல்கிறார். நாடு முழுவதும் பெரும்பகுதி ஆலோசனைகள் இந்த இரண்டாம் வழியிலேயே நடந்திருப்பது வியப்புக்குரியதன்று.

திறன்பேசி பரவுவதற்கு முன்பே இம்முறையின் வலிமையைத் தேனி வட்டாரம் கண்டது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, கம்பிவடம் இல்லாத ஊர்களுக்கும் உயரமான கோபுர அலைவாங்கிகள் வழியே வைஃபை இணைப்பை நீட்டினர். விஷன் சென்டர் எனப்படும் சிறு நிலையத்தில், பயிற்சி பெற்ற பணியாளர், பெரும்பாலும் அவ்வட்டாரத்துப் பெண், உருப்பெருக்கிக் கருவியால் கண்ணைச் சோதிக்கிறார். மருத்துவர் தொலைவிலிருந்தபடியே நோயாளியிடம் பேசி, கண்ணாடி போதுமா, அறுவை சிகிச்சைக்கு வரவேண்டுமா என முடிவு சொல்கிறார். ஒருநாள் கூலியும் பேருந்துச் செலவும் மிச்சமாவது ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய உதவியன்று.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் இவ்வாறே மனிதரை நம்பி நிற்கிறது; வீடு தேடி வந்து மாத்திரை தரும் பெண் தன்னார்வலரே விவரங்களைக் கைப்பேசியில் பதிகிறார்.

இந்த இடைமனிதர் இல்லாத இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. மருத்துவப் பதிவுகளை நோயாளியின் ஒப்புதலோடு ஒன்றிணைக்கும் 14 இலக்க ஆபா எண்ணைப் பெற முனையும் மூதாட்டிக்கான ஓடிபி, திருப்பூரில் வேலை செய்யும் மகனின் கைப்பேசிக்குப் போய்விட்டால், அவன் அழைப்பை எடுக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதைவிடக் கொடியது அந்தரங்கம் போவது: மாதவிடாய்க் கோளாறையோ மனச்சோர்வையோ கணவரின் கைப்பேசியில் பேச எந்தப் பெண்ணுக்கும் எளிதில் மனம் வராது. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், குடும்பத்தாரோ சுகாதாரப் பணியாளரோ நோயாளிக்காக மருத்துவரை அணுகுவதை ஏற்றுள்ளன; ஆனால் சுகாதார நிலையத்தில் கதவுள்ள ஒரு தனியறையும், மாறிக்கொண்டே இராத ஒரு செவிலியரும் இருந்தால்தான் அந்தப் பெண் வாய் திறப்பார். திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குவோர், புதிய செயலிகளுக்கு முன் இவ்விரண்டுக்கும் ஒதுக்க வேண்டும்.