புளித்த மண்ணில் பசும்புல்

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா, ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் மாடும் ஆடும் வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. பால்மரம் வெட்டும் கூலியோடு கறவைப் பால் விற்ற பணமும் சேர்ந்தால், அது பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக் கைகொடுக்கும் என்பதை நாம் அறிவோம். ஆயினும், லயத்தருகே நட்ட நேப்பியர் புல் சில அறுப்புகளுக்குப் பின் மஞ்சளித்து நலிவதையும், அவ்விடத்தில் லாலாங் தலையெடுப்பதையும் காண்கிறோம். குற்றம் புல்லிடம் இல்லை. மண்ணில் அமிலம் மிகுந்துள்ளது.

இரும்புச் சரளை நிறைந்த ஒருவகைச் செம்மண்ணுக்கு மண்ணியல் அறிஞர் மலாக்காவின் பெயரையே சூட்டியுள்ளனர். ஏ பாமோசா கோட்டையில் நாம் காணும் செம்பூரான் கற்களும் இத்தகைய மண்ணின் இறுகிய வடிவமே. காலங்காலமாகப் பெய்யும் கனமழை, மண்ணிலுள்ள கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகிய சத்துகளைக் கரைத்துச் சென்றுவிடுகிறது. அமிலம் மிகும்போது மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைக் கருக்குகிறது. பாஸ்பரச் சத்தும் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து, வேருக்கு எட்டாமற் போகிறது. இரப்பர் மரம் அமில மண்ணைத் தாங்கவல்லது. ஆகையால் மரம் செழித்த மண்ணில் புல்லும் செழிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இதற்கு மருந்து சுண்ணாம்புச் சத்தே. கால்சியத்தோடு மக்னீசியமும் அளிக்கும் டோலமைட் தூள் நம் மண்ணுக்கு ஏற்றது. ஹெக்டருக்கு 2 டன் என்று கணக்கிட்டால், 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள பாத்திக்கு 20 கிலோ போதும். அதனைச் சீராகத் தூவி, 15 சென்டிமீட்டர் ஆழம்வரை கொத்திக் கலக்க வேண்டும். அளவு மிஞ்சினால் வேறு சத்துகள் குறையும். ஆதலால் இயன்றவரை மண்ணைச் சோதித்தபின் இடுவதே நன்று. மாவட்ட விவசாய அலுவலகத்தில் இதுபற்றி ஆலோசனை கேட்கலாம்.

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, நன்கு மக்கிய சாணத்தை இட்டுப் புல்லை நடலாம். சாணத்தையும் சுண்ணாம்பையும் ஒரே வேளையில் கலத்தல் கூடாது. தழைச்சத்து அம்மோனியா வாயுவாகிக் காற்றில் கலந்து வீணாகும். நடும் குழியில் சிறிது பாறைப் பாஸ்பேட் இடுதல் வேருக்கு வலுவூட்டும். அடுப்புச் சாம்பலை எறிந்துவிடாதீர்கள். அதில் பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. அம்மோனியம் சல்பேட் உரத்தை மட்டும் தொடர்ந்து இட்டால் புல் முதலில் பசுமையாகத் தோன்றினும், மண் மேலும் புளித்துவிடும்.

ஒவ்வோர் அறுப்பின்போதும் நாம் புல்லை மட்டுமன்று, மண்ணின் சத்தையும் சுமந்து செல்கிறோம். தொழுவத்துச் சாணத்தையும் கோமியத்தையும் மீண்டும் அப்பாத்திக்கே சேர்ப்பின் அக்கடன் பெரும்பாலும் தீரும். இளங்கன்றுகளின் நிரைகளுக்கிடையே மூடுபயிராகப் படரும் சென்ட்ரோசீமா கொடியைப் புல்லோடு வளர்த்தால், அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உதவும்.

தோட்ட நிருவாகத்தின் இசைவு பெற்று இப்படியொரு பாத்தியை அமைத்துக்கொண்டால், களைக்கொல்லி தெளித்த இடங்களில் புல்லறுத்து மாட்டுக்குக் கேடு தேடிக்கொள்ளும் நிலை வாராது. ஆறு வாரத்திற்கு ஒருமுறை அறுக்கும் பசும்புல், மாட்டின் மடியையும் குடும்பத்தின் கையையும் நிறைக்கும்.