பல்கலைக்கழக வேலைக்கு மூன்று வாசல்கள்



எம்.எஸ்ஸி., எம்.டி., நர்சிங் என்று பிள்ளைகள் படித்து முடித்ததும் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "யூனிவர்சிட்டியிலோ மெடிக்கல் காலேஜிலோ வேலை கிடைக்குமா?" கிடைக்கும். ஆனால் திருவனந்தபுரத்தில் அதற்கு மூன்று வாசல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சாவி வேறு.

முதலாவது, கேரளப் பல்கலைக்கழகம். 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. ஆசிரியர் பணியிடங்களைப் பல்கலைக்கழகமே விளம்பரம் செய்து நிரப்புகிறது. உதவிப் பேராசிரியர் பணிக்குப் பொதுவாக முதுகலையில் 55 சதவீத மதிப்பெண்ணும் 'நெட்' தேர்ச்சியும் வேண்டும். அலுவலகப் பணிகளுக்கு பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ.அய். சுப்பிரமணியம் இங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்து மொழியியல் துறையைத் தொடங்கியவர். 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார்.

இரண்டாவது, 1951இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. இது மாநில அரசுப் பணி. பட்டத்திலுள்ள பி.எஸ்.சி.யின் 'துளசி' தளத்தில் ஒருமுறை பதிவு செய்துவிட்டு, அறிவிப்பு வரும்போதெல்லாம் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவர்களும் செவிலியர்களும் கேரளக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பள்ளியில் மலையாளம் படிக்காதவர்கள் வேலையில் சேர்ந்தபின் மலையாளத் தேர்வில் தேற வேண்டியிருக்கும். எனவே வீட்டில் தமிழ் படிக்கும் பிள்ளை மலையாளமும் எழுதப் படிக்கக் கற்பது நல்லது.

மூன்றாவது, ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம். 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது; பட்டம் வழங்கும் உரிமையும் உண்டு. மருத்துவமனை மெடிக்கல் காலேஜ் வளாகத்தில், ஆய்வுப் பிரிவு பூஜப்புரையில். மத்திய அரசு நிறுவனமாதலால் மாநில மொழித் தேர்வு இங்கு பொருந்தாது. குமரி, நெல்லை நோயாளிகள் நிறைய வருவதால் தமிழ் தெரிந்த செவிலியரின் ஒரு சொல்லே அங்கு பாதி மருந்து.

இனி, பலர் இடறி விழும் இடம்: சாதிச் சான்றிதழ். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்ற தகுதி, பிழைக்கப் போன மாநிலத்துக்குக் கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990இலும் 2018இலும் தீர்ப்பளித்தது. 1950க்குப் பின் தமிழகத்திலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை இங்கேயே பிறந்திருந்தாலும், கேரள அரசுப் பணியில் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. ஆனால் மத்திய நிறுவனங்களின் அகில இந்தியத் தேர்வில் அதே சான்றிதழ் செல்லும்.

பிற்படுத்தப்பட்டோர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தமிழக அரசு ஒதுக்கீட்டில் 'கிரீமி லேயர்' கிடையாது. கேரளத்திலும் மத்திய அரசிலும் உண்டு. அதில் சேராதவர் என்ற சான்று தனியாக வேண்டும். மத்தியப் பணிக்கு அதற்குரிய படிவத்திலேயே வாங்க வேண்டும்.

சான்றிதழ் சொந்த ஊர்த் தாசில்தாரிடமிருந்து வர நாளாகும். விளம்பரம் வந்தபின் ரயிலேறுவதைவிட, அடுத்த முறை ஊருக்குப் போகும்போதே அப்பாவின் பழைய சான்றிதழைத் தேடி எடுத்து வைப்போம். படித்த பிள்ளை ஒரு காகிதத்துக்காகப் பின்தங்க வேண்டாம்.