மரத்தால் ஆன மோட்டார் வண்டி

சம்மாந்துறை வயல்வீதியில் எங்கள் மொறிஸ் மைனர் டிரவலரைக் கண்டால் சிறுவர், “மரக்கார்!” எனக் கூவுவர். 1948இல் வெளிவந்த மைனர், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. பொருளேற்றவும் இடமுள்ள டிரவலர் 1953 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியாயிற்று. பின்னாசனத்தை மடித்தால் நெல்மூட்டையும் ஏற்றலாம்.

பின்புறத்து ஆஷ் மரச்சட்டம் வெறும் அலங்காரமன்று. கூரையையும் பக்கங்களையும் தாங்கும் எலும்பே அதுதான். சென்ற மாரி முடிந்ததும் அடிச்சட்டத்தை அழுத்தினேன். விரல் உள்ளே புதைந்தது. “பிள்ளைகள் அமரும் வண்டியல்லவா? விற்றுவிடுங்கள்” என்றாள் மனைவி. பூச்சுப் பூசி விற்கவும் ஒருவர் யோசனை கூறினார்.

அயலிலுள்ள ஓடாவிக் காக்காவிடம் சென்றேன். தட்டிப் பார்த்தவர், “மாஸ்டர், பூசி மறைச்சா வாங்குறவன்ட புள்ளைகளுக்குத்தானே ஆபத்து? அழுகினத வெட்டித் தேக்குப் போடுவம்” என்றார்.

நான் தலைகுனிந்தேன். இருவாரத்தில் வண்டி உறுதிபெற்றது. நகரும் கண்ணாடிகளின் காடியில் தேங்கிய நீரே மரத்தின் பகைவன் என்றும் அவர் காட்டினார். இப்போது ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அக்காடியைத் துடைப்பது என் மகனின் கடமை. வண்டியைப் பேணுவதோடு, மறைக்காதிருக்கவும் அவன் கற்கிறான்.