மனிதக் கைக்கு அடங்கும் பொறி

அமெரிக்காவிலே தமது வீட்டுக் கொட்டகையில் விமானங் கட்டிப் பறப்போர் பலர் உளர். வேலையிற் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ தாமே செய்திருத்தல் வேண்டுமென்பது அந்நாட்டு விதி. இவர்களுட் பலர் தானியங்கி விமானியையும் தம் கையாலேயே பொருத்துகின்றனர்.

1914ஆம் ஆண்டு ஜூன் 18ஆந் திகதி, பாரிஸ் நகருக்கு அண்மையில், லோறன்ஸ் ஸ்பெரி என்னும் இளைஞர் இரு கைகளையும் உயர்த்தியவாறே விமானத்திற் பறந்து காட்டினார். அவ்வற்புதமே இன்று கொட்டகைக்குள் வந்துள்ளது.

விமானத்தின் சாய்வை உணருங் கருவி இதன் மூளை. சேர்வோ எனப்படும் சிறு மின்பொறியே கை. சேர்வோவின் புயம், ஒரு கோலினால், சிறகையோ வாலையோ சார்ந்த அசையுந் தட்டின் நெம்புடன் இணைக்கப்படும்.

இங்கேதான் உயிராபத்து ஒளிந்திருக்கின்றது. புயமும் கோலும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடின், அவை திரும்பாது பூட்டிக்கொள்ளலாம். விமானியின் பலமும் அப்போது பயன்படாது. ஆதலால், பிடியை அதன் எல்லைவரை எல்லாப் பக்கமும் அசைத்துச் சோதித்து, புயம் அந்நிலையை அடையாதவாறு அமைத்தல் வேண்டும்.

சில சேர்வோக்களிலே சிறு பித்தளைத் திருகாணி ஒன்றுண்டு. பொறி பழுதுற்று இறுகினால், விமானி பிடியை வலிந்து இழுக்க, ஆணி முறிந்து தட்டு விடுபடும். முறிவதற்கென்றே செய்த ஆணி! ஆயினும் நேர்கோட்டுப் பூட்டுக்கு அதனை நம்பியிருத்தல் தகாது.

மாணவர்களே, பொறிக்கு வலிமை கொடுப்பது எளிது. வேண்டும்போது மனிதனுக்கு வழிவிடக் கற்பிப்பதே பொறியியலின் மாண்பு.