பாட்டிக்கு ஓட்டு இல்லை

கெடாவின் தென்கோடி பண்டார் பாரு. கிரியான் ஆற்றைத் தாண்டினால் பேராக்கின் பாரிட் புந்தார். பினாங்கின் நிபோங் திபாலும் பக்கம்தான். இங்கே பால்மரம் சீவிய என் பாட்டி சாமான் வாங்க மூன்று மாநிலத்துக்கும் போய் வருவார். எந்த எல்லையிலும் அட்டை கேட்டதில்லை. தேர்தல் நாளில் மட்டும் வீட்டோடு இருப்பார். அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை.

இத்தனைக்கும் பாட்டி பிறந்தது தோட்டத்து லயத்தில்தான். 1957 ஆகஸ்டு 31 முதல் இங்கு பிறந்த குழந்தைகள் இயல்பாகவே குடிமக்கள் ஆயினர். 1962-இல் அந்த விதி இறுக்கப்பட்டது. சுதந்திரத்துக்கு முன் பிறந்தவர்களில் பலர் விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். இங்கு வாழ்ந்ததற்குச் சான்று, நன்னடத்தை, ஓரளவு மலாய் எல்லாம் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு யார் பாரம் நிரப்பித் தருவது? "நாம எங்க போகப் போறோம், எதுக்குக் கடுதாசி?" என்பாராம் தாத்தா.

அந்தக் கடுதாசியின் அருமை 1969-இல் தெரிந்தது. குடிமக்கள் அல்லாதோருக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று முந்தைய ஆண்டு வந்த சட்டத்தால், ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். இலங்கையில் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. இங்கே அப்படி ஒட்டுமொத்தமாகப் பறிக்கவில்லைதான். ஆனால் பாரம் போடாதவர்கள் வெளியே நின்றார்கள்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணத்தைப் பதிவு செய்யாத தம்பதிகள் இன்னும் உண்டு. அவர்களின் பிள்ளைக்குச் சட்டம் தாயின் நிலையைத்தான் பார்க்கிறது. தாய் குடிமகள் என்றால் சிக்கல் இல்லை. தாயிடம் எந்த ஆவணமும் இல்லாவிட்டால், அப்பாவின் நீல அட்டை பிள்ளைக்கு உதவாது.

எங்கள் உறவில் ஒரு பையன் இப்படி மாட்டிக்கொண்டான். 12 வயதில் நண்பர்கள் மைகாட் எடுக்கப் போனபோது அவன் போகவில்லை. இப்போது 17 வயது, எஸ்.பி.எம். எழுதுகிறான். 15ஏ பிரிவின்கீழ் விண்ணப்பித்திருக்கிறார்கள்; பதில் இல்லை. ஓட்டுரிமை வயது 18 ஆகிவிட்டது. அடுத்த வருடம் அவன் நண்பர்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் தானாகவே ஏறிவிடும்.